எதுல போடப் போறீங்க?

"அரை இஞ்ச் பிட் ஒண்ணு குடுங்கக்கா" என்று ஜன்னலில் கையை நீட்டினால் உள்ளேயிருந்து பிட் வராது, கேள்விதான் வரும்.

"எதுல போடப் போறீங்க?"

இரும்பில் என்றால், "எந்த இரும்புல?" அதற்கும் பதில் சொல்லிவிட்டால், "எத்தனை கனம்?" பின்னால் நாலு பேர் வரிசையில் நின்று பல்லைக் கடித்துக்கொண்டிருப்பார்கள். சூப்பர்வைசர் கடிகாரத்தைப் பார்ப்பார். அக்கா எதையும் கண்டுகொள்ள மாட்டார். கேட்டதற்கு நேராகப் பதில் வரும்வரை அந்த பிட் அவர் உள்ளங்கையை விட்டு நகராது.

அது அரியமங்கலத்தில் வால்வு செய்கிற ஒரு தொழிற்சாலை. எமர்ஜென்சி சமயத்தில் நான் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபத்தேழு வயது. உலோகத்தில் துளை போடுகிற டிரில் பிட்டுகள் எல்லாம் ஓர் அறையில் இருக்கும். கம்பி போட்ட ஜன்னல் வழியாகத்தான் வாங்க வேண்டும். ஒவ்வொரு தொழிலாளிக்கும் நம்பர் அடித்த டோக்கன் ஒன்று உண்டு. டோக்கனைக் கொடுத்தால் அது ஆணியில் தொங்கும், பிட் கைக்கு வரும். பிட்டைத் திருப்பிக் கொடுத்தால் டோக்கன் திரும்ப வரும். அந்த ஜன்னலுக்கு உள்ளே இருந்தவர்தான் அக்கா. பெயர் எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நானும் இங்கே எழுதப் போவதில்லை.

நான் பக்கத்து அறை. மழுங்கி வருகிற பிட்டுகளைச் சாணைக்கல்லில் பிடித்துத் தீட்டிக் கொடுப்பது என் வேலை. என்னோடு செல்வராசு என்று ஒருவர் இருந்தார். என்னைவிட எட்டு வயது மூத்தவர், துறையூர்க்காரர். அவருடைய தங்கையைத்தான் டிரில்லிங் மிஷின் ஓட்டுகிற கோவிந்தன் அண்ணனுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மச்சான்கள் இருவரும் ஒரே கூரைக்குக் கீழே வேலை பார்த்தார்கள். சீர் செய்ததில் ஏதோ பழைய மனத்தாங்கல் இருந்தது. தீபாவளிக்கு ஒரு தடவை அதைக் கிளறிக்கொள்வார்கள், பொங்கலுக்குள் சரியாகிவிடும்.

அக்காவுக்கு அப்போது நாற்பது தாண்டியிருக்கும். ஒல்லியான உடம்பு, நூல் புடவை, கழுத்தில் கறுப்புக் கயிற்றில் ஒரு சின்னச் சிலுவை. கொண்டையில் பென்சில் செருகியிருப்பார். பாலக்கரையிலிருந்து பஸ்ஸில் வருவார். வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோரையும் 'நீங்க'தான். ஆனால் அந்த மரியாதையில் யாரும் ஏமாந்துவிடக் கூடாது.

அவருடைய வீட்டுக்காரரும் அங்கேயே வேலை பார்த்தவர். அவர் இறந்த பிறகு அக்காவுக்கு இந்த வேலையைக் கொடுத்தார்கள். பிட் உடைந்து தெறித்துத்தான் மனுஷன் செத்தார், அதனால்தான் இந்த அம்மா இப்படிக் குடைகிறார் என்று புதிதாக வருகிறவர்களிடம் ஒரு கதை ஓடும். சுத்தப் பொய். அவர் மஞ்சள் காமாலையில் போனவர். ஏன் மறுத்துச் சொல்வதில்லை என்று ஒரு நாள் கேட்டேன்.

"அப்படி நெனச்சுக்கிட்டாவது ஒழுங்கா பதில் சொல்றாங்கல்ல" என்றார்.

அவர் கேட்டதில் காரணம் இல்லாமல் இல்லை. சாதாரண இரும்புக்குப் போகிற பிட்டை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வைத்து வேகமாக ஓட்டினால் உலோகம் இன்னும் கெட்டிப்பட்டுப் போகும், பிட் நுனி நீலம் பாரித்துக் கருகிவிடும். வார்ப்பிரும்பு மாவாக உதிரும், எண்ணெய் விட்டால் சேறாகி அடைத்துக்கொள்ளும். அலுமினியம் பிட்டின் பள்ளத்தில் அப்பிக்கொள்ளும். அளவு ஒன்றுதான். ஆனால் அரை இஞ்ச் என்று நாலு பேர் கேட்டால் நாலு வேறு பிட் கொடுக்க வேண்டியிருக்கும். சந்தேகம் வந்தால், "போட்டப்ப விழுந்த சுருளைக் கொண்டாங்க" என்பார். அந்த இரும்புச் சுருளை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். "கூரா இருந்தா போதும்னா கத்திக் கடைக்குப் போங்க" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அதைச் சொல்லும்போது கடைக்கண்ணால் என் அறைப் பக்கம் பார்ப்பதாக எனக்குத் தோன்றும்.

எனக்கு எரிச்சலூட்டியது அவருடைய கேள்வி அல்ல. பதில் தெரிந்துகொண்டே கேட்பதுதான்.

புதிதாக வந்த ஃபோர்மன் ஒருவர், டை எல்லாம் கட்டியவர், ஒரு நாள் தானே ஜன்னலுக்கு வந்தார். முக்கால் இஞ்ச் பிட் வேண்டும் என்றார். எதுல என்றார் அக்கா. இரும்புல என்றார் அவர். எந்த இரும்புல என்றார் அக்கா. இரும்பு இரும்புதான்மா என்றார் அவர். அக்கா பிட்டைக் கீழே வைத்துவிட்டுத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டார். ஃபோர்மன் முகம் சிவக்கத் திரும்பிப் போய், அரை மணி கழித்து ஆள் அனுப்பினார். ஸ்டெயின்லெஸ். அன்று காலை லாரியிலிருந்து அந்தப் பிளேட்டுகளை இறக்கும்போது அக்கா பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நானும் பார்த்தேன்.

"தெரிஞ்சுக்கிட்டே எதுக்குக்கா அவரை அலைய விட்டீங்க?"

"எனக்குத் தெரிஞ்சு என்ன தம்பி? ஓட்டுறது அவங்கதானே. நான் சொன்னா எனக்குத் தெரிஞ்சதாத்தான் இருக்கும். அவங்க வாயால சொன்னாத்தான் அவங்களுக்குத் தெரிஞ்சதா ஆகும்."

சனிக்கிழமை சாயங்காலம் மாதா கோயிலுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வார். "அப்படி என்னக்கா பாவம் பண்ணுறீங்க வாராவாரம்?" என்று செல்வராசு கேலி செய்வார். "சாமியாருக்கு என் வண்டவாளம் பூரா தெரியும். தெரிஞ்சும் நானேதான் சொல்லணும்னு உக்காந்திருக்காரு பாருங்க" என்று அக்கா சிரிப்பார். சிரித்தால் அழகாக இருப்பார், அதையும் சொல்ல வேண்டும்.

ஆனால் அந்தக் குணத்தை அவர் பிட்டோடு நிறுத்திக்கொள்ளவில்லை. மிஷின்காரர் ஒருவர் இரண்டு பிட்டுகளை வெளியே கொண்டுபோய்விட்டார். அக்காவுக்கு மறுநாளே தெரிந்துவிட்டது, யார் என்பதும் தெரிந்துவிட்டது. மேனேஜரிடம் போகவில்லை. அவருடைய டோக்கனை மட்டும் ஆணியிலிருந்து எடுத்துத் தன் மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டார். அவர் வந்து கேட்கும்போதெல்லாம், "முதல்ல சொல்ல வேண்டியதைச் சொல்லுங்க" என்பார். வேறு வார்த்தை கிடையாது, குரலும் உயராது. பதினோரு நாள் அந்த மனுஷன் மற்றவர்களிடம் பிட்டை இரவல் வாங்கி ஓட்டினார். சாப்பாட்டு நேரத்தில் யாரோடும் உட்காரவில்லை. பன்னிரண்டாம் நாள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொல்லிவிட்டார். அக்கா டோக்கனை எடுத்துக் கொடுத்தார், "எதுல போடப் போறீங்க?" என்று கேட்டார். அதன் பிறகு அதைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. எல்லோரும் ஆகா என்றார்கள். எனக்கு என்னவோ அந்தப் பதினோரு நாள் அதிகம் என்று பட்டது. மேனேஜரிடம் சொல்லியிருந்தால் ஒரு நாள் திட்டோடு போயிருக்கும் என்று நினைத்தேன்.

இனி என் கதைக்கு வருகிறேன். தள்ளிப்போட்டுப் பழக்கமாகிவிட்டது.

அக்காவின் அறையில், கீழ்த்தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டப்பா இருக்கும். பித்தளையில் துளை போடுகிற பிட்டுகள் அதில். அந்த டப்பா எங்கள் சாணை அறைக்கு வராது. நான் முகம் பார்க்கிற மாதிரி தீட்டிக் கொடுத்த பிட்டை அக்கா எடுத்துக்கொள்வார். ஜன்னலோரம் உட்கார்ந்து எண்ணெய்க்கல்லில் அதன் வெட்டு விளிம்பை நாலு இழுப்பு இழுப்பார். அதோடு கூர் போய்விடும். கூர் போன பிட்டை டப்பாவில் போடுவார். நான் செய்த வேலையை என் கண் முன்னாலேயே ஒருவர் கெடுக்கிறார் என்றுதான் எனக்குப் பட்டது.

பித்தளை என்பது கூரான பிட்டை இழுத்துக்கொள்கிற உலோகம். இரும்புக்குத் தீட்டிய பிட்டை அதில் வைத்தால் அது நிதானமாக வெட்டிக்கொண்டு போகாது, கடித்துக்கொண்டு சட்டென்று இறங்கிவிடும். தகடு மெல்லியதாக இருந்தால் அதையும் தூக்கிக்கொண்டு சுழலும். அதனால் பித்தளைக்கான பிட்டின் விளிம்பை ஒரு மயிரிழை தட்டையாக்க வேண்டும். இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அன்றைக்குத் தெரியாது. நான் தொழில் பழகியது மன்னார்புரத்தில் ஒரு லேத் பட்டறையில். அங்கே வந்ததெல்லாம் லாரி சாமான், வெறும் இரும்பு.

அக்கா ஒரு தடவை சொல்ல வந்தார். "தம்பி, பித்தளைக்குப் போறது வேற மாதிரி..."

"தெரியும்க்கா" என்றேன்.

ஒரு பொம்பளை, புருஷன் வேலைக்கு வந்த பொம்பளை, எனக்கு பிட்டைப் பற்றிச் சொல்வதா என்பதுதான் உள்ளே இருந்தது. அதை வேறு விதமாக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

அந்த வருடம் அக்கா மூன்று நாள் லீவு போட்டு வேளாங்கண்ணிக்குப் போனார். சாவி சூப்பர்வைசரிடம் இருந்தது. இரண்டாம் நாள் பகல், செல்வராசும் சூப்பர்வைசரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், நான் அவர் மேஜையிலிருந்த சாவியை எடுத்துப் போய் அந்த டப்பாவைக் கொண்டு வந்தேன். நாற்பது பிட் இருக்கும். ஒன்று விடாமல் தீட்டினேன். ஒவ்வொன்றும் பளபளவென்று வந்தது. நல்ல வேலை என்று அப்போது உண்மையாகவே சந்தோஷப்பட்டேன். அக்கா வந்து பார்த்து என்ன சொல்கிறார் பார்க்கலாம் என்று டப்பாவை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

அக்கா வந்து பார்க்கவில்லை. ஊரிலிருந்து நேராக வேலைக்கு வந்த காலை அது. எட்டு மணிக்கே ஜன்னலில் கூட்டம். கோவிந்தன் அண்ணன் வந்தார். எதுல என்று கேட்டார் அக்கா. பித்தளைத் தகட்டுல என்றார் அண்ணன். கனம் கேட்டார், சொன்னார். தன் டப்பா, தன் கையால் மழுக்கிய பிட் என்கிற நம்பிக்கையில் அக்கா ஒன்றை எடுத்துக் கொடுத்துவிட்டார். கேள்வியெல்லாம் சரியாகத்தான் கேட்டார்.

சாதாரணமாகத் தகட்டை மிஷினோடு இறுக்கிப் பூட்டிவிட்டுத்தான் ஓட்ட வேண்டும். ஆனால் அக்கா கொடுக்கிற பித்தளை பிட் வருஷக்கணக்கில் ஒரு தடவைகூட இழுத்ததில்லை. அதனால் சின்னத் தகடுகளைக் கையாலேயே பிடித்துக்கொண்டு ஓட்டுவது எல்லோருக்கும் வழக்கமாகிவிட்டது. அண்ணனும் கையால்தான் பிடித்திருந்தார்.

சத்தம் கேட்டு ஓடினேன். இடது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. அண்ணன் கத்தவில்லை, கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செல்வராசுவுக்கு ரத்தம் பார்த்தால் ஆகாது, சுவரோரம் சரிந்து உட்கார்ந்துவிட்டார். நாலு பேர் அண்ணனை வண்டியில் ஏற்றினார்கள். அக்கா கதவைத் திறந்து போட்டுவிட்டு வந்து மிஷினிலிருந்து பிட்டைக் கழற்றினார். வெளிச்சத்துக்குத் தூக்கி அதன் நுனியைப் பார்த்தார். ஒவ்வொருவர் தீட்டுகிறதிலும் ஒரு கைவாகு உண்டு. செல்வராசு இடப்பக்கம் கொஞ்சம் கூட்டித் தீட்டுவார், என்னுடையது இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். அக்கா பிட்டை இறக்கிவிட்டு என்னைப் பார்த்தார். அதிக நேரம் பார்க்கவில்லை.

மறுநாள் மேனேஜர் அறையில் விசாரணை. அக்கா, நான், செல்வராசு மூவரும் நின்றோம். என் நிரந்தர வேலை உத்தரவு அந்த மேஜையில்தான் கையெழுத்துக்குக் காத்திருந்தது. ஸ்ரீரங்கத்தில் வடக்குச் சித்திரை வீதியில் அப்போதுதான் ஒரு போர்ஷன் பார்த்துக் குடிவந்திருந்தோம். மனைவிக்கு ஏழாவது மாதம். இதெல்லாம் காரணம் ஆகாது என்று அப்போதே தெரியும்.

"பிட்டைக் குடுத்தது யாரு?"

"நான்தாங்க" என்றார் அக்கா.

"பாத்துட்டுக் குடுத்தீங்களா?"

"பாக்கலைங்க. என் டப்பான்னு நம்பிக் குடுத்துட்டேன். அது என் தப்பு."

"மழுக்கி வெச்சிருந்ததைத் தீட்டினது யாரு?"

"அதை நான் சொல்லக் கூடாதுங்க. செஞ்சவங்களே சொல்லுவாங்க" என்றார் அக்கா.

மேனேஜர் எங்கள் இருவரையும் பார்த்தார். "நான் இல்லைங்க சார்" என்றார் செல்வராசு. அடுத்தது என் முறை. அக்கா என் பக்கம் திரும்பக்கூட இல்லை. எதிரே சுவரைப் பார்த்துக்கொண்டு, ஜன்னலில் நிற்பாரே, அதே மாதிரி அவசரமில்லாமல் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க சார்" என்றேன்.

அக்காவை ஜன்னலிலிருந்து எடுத்துவிட்டார்கள். பேக்கிங்கில், வால்வுகளைச் சாக்கில் சுற்றித் தைக்கிற இடத்தில் போட்டார்கள். அவர் இடத்துக்கு வந்தவர் கேட்ட அளவைக் கேட்டவுடன் கொடுத்தார். வரிசையே நிற்காது. வாரம் பத்து பிட் முறிந்தது. செல்வராசு மாதம் திரும்புவதற்குள் வேலையை விட்டுவிட்டுத் துறையூருக்கே போய் சைக்கிள் கடை வைத்துக்கொண்டார். ஏன் என்று நான் விசாரிக்கவில்லை. சாணை அறை முழுக்க எனக்கே ஆனது.

கோவிந்தன் அண்ணன் பெரியாஸ்பத்திரியில் இருந்த பதினைந்து நாளும் நான் தவறாமல் போனேன். ரொட்டி வாங்கிப் போவேன், சாத்துக்குடி வாங்கிப் போவேன். குணமாகி வந்ததும் அவரை கேட் வாட்ச்மேனாகப் போட்டார்கள். அவர் வீடு அடையவளஞ்சான் வீதியில், என் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. சாயங்காலம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஒன்றாகத்தான் வருவோம். வைகுண்ட ஏகாதசி நாட்களில் பஸ் அம்மா மண்டபத்தோடு நின்றுவிடும். கூட்டத்தில் இருவரும் சேர்ந்து நடப்போம். என் தோளைப் பிடித்துக்கொள்வார், மீதியிருக்கிற விரல்களால். இப்போது சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் நினைப்பேன். அதற்குள் அவர் தெரு வந்துவிடும்.

ஏழு வருடம் போனது. பேக்கிங்கைத் தாண்டித்தான் நான் சாப்பிடப் போக வேண்டும். "சாப்பிட்டாச்சா தம்பி?" என்பார் அக்கா. "குழந்தை ஸ்கூல் போகுதா?" என்பார். கோணியூசியை நிறுத்தாமல் கேட்பார். குத்தலாக ஒரு வார்த்தை கிடையாது. அவர் கேட்டுவிட மாட்டாரா, திட்டிவிட மாட்டாரா என்று நான் ஏங்கியிருக்கிறேன். கேட்கவே இல்லை. அந்தப் பதினோரு நாள் மனுஷனுக்காவது ஒரு டோக்கன் இருந்தது. போய் நிற்க ஒரு ஜன்னல் இருந்தது.

அக்கா கண் மங்கிப்போய் முன்கூட்டியே வேலையிலிருந்து நின்றுகொண்டார். கடைசி நாள் மாலை போட்டு, ஒரு சில்வர் குடம் கொடுத்து அனுப்பினார்கள். பஸ் ஸ்டாப் வரை குடத்தை நான் தூக்கிக்கொண்டு போனேன். அங்கே வேறு யாரும் இல்லை.

"அக்கா, அந்த டப்பாவைத் தீட்டினது நான்தான்."

"தெரியும் தம்பி."

"தெரியும்னு எனக்கும் தெரியும்க்கா. ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா நீங்க? ஏழு வருஷம்!" என் குரல் உயர்ந்துவிட்டது. தப்புச் செய்தவன் நான், கோபித்துக்கொண்டதும் நான்.

அக்கா புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்தார். "இன்னிக்குச் சொல்லுவீங்க, நாளைக்குச் சொல்லுவீங்கன்னு பாத்தேன். உங்களுக்குக் குழந்தை பொறந்தப்ப சொல்லுவீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நாள் போயிடுச்சு. நானா போய்ச் சொன்னா உங்களைக் காட்டிக் குடுத்த மாதிரி ஆயிடுமேன்னு இருந்துட்டேன். அதுவும் தப்புதானோ என்னமோ. எனக்கு வேற மாதிரி இருக்கத் தெரியலை."

"என்னை மன்னிச்சிருங்கக்கா."

"எங்கிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? வெரலு அவரோடதுல்ல?"

பஸ் வந்தது. குடத்தை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டார். அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. இரண்டு வருடம் கழித்துப் போய்ச் சேர்ந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன். அக்காவை நினைத்தால் எனக்கு மரியாதை வருகிறது, கூடவே கோபமும் வருகிறது. அன்று மேனேஜர் அறையில் என் பெயரைச் சொல்லியிருந்தால் ஒரு வேலைதான் போயிருக்கும். அப்படி நினைப்பது எனக்கு வசதியாக இருக்கிறது என்பதும் தெரியும்.

அக்கா குடத்தோடு பஸ் ஏறிப் போன அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை காலை அடையவளஞ்சான் வீதிக்குப் போனேன். கோவிந்தன் அண்ணன் கூடத்தில் பனியனோடு உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"அடடே, வாங்க தம்பி. உக்காருங்க." உள்ளே திரும்பி, "தம்பி வந்திருக்காரு, காபி போடு" என்றார்.

உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று நின்றுகொண்டே சொன்னேன். அக்கா லீவில் இருந்தது, சாவி எடுத்தது, நாற்பது பிட்டையும் தீட்டியது, மேனேஜரிடம் தெரியாது என்றது, எல்லாம். சொல்லி முடிக்க இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை.

அண்ணன் பேப்பரை மடித்து வைத்தார். "நீங்களா?"

"ஆமாண்ணே."

"நீங்க தெனம் ஆஸ்பத்திரிக்கு வந்தீங்களே தம்பி."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அந்தம்மா ரெண்டாம் நாளே வந்தாங்க. பாக்காம குடுத்துட்டேன், என் தப்புன்னு அழுதாங்க. தீட்டினது யாருன்னு கேட்டேன். அவரே வந்து சொல்லுவாருன்னாங்க. எவ்வளவோ கேட்டுப் பாத்தேன், வாயைத் தொறக்கலை. தீட்டுறது ரெண்டே பேரு. நீங்க தெனம் வந்து ரொட்டி குடுத்தீங்க. மச்சான் எட்டிக்கூடப் பாக்கலை. நான் வேற என்னன்னு நெனைப்பேன்?"

அப்போதுதான் பார்த்தேன். அண்ணி இரண்டு கையிலும் காபி டம்ளரோடு உள்வாசலில் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அப்ப எங்கண்ணன் இல்லியா?" என்று கேட்டார். என்னிடம் இல்லை, அவரிடம்.

அண்ணன் மடித்து வைத்த பேப்பரை எடுத்து மறுபடி மடித்தார்.

"எங்கண்ணன் இல்லைன்னு தலையில அடிச்சு சொன்னேனே. அந்த வீட்டு வாசப்படி மிதிச்சா இங்க வராதேன்னீங்களே." பிறகு என்னைப் பார்த்தார். குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. "எங்கம்மா செத்தப்ப நான் தெருமுனையில நின்னு பாத்துட்டுத் திரும்பி வந்தேன் தம்பி. உள்ள போகலை."

ஏழு வருடமாக இரண்டு விரல் கணக்கைத்தான் நான் சுமந்துகொண்டிருந்தேன். இப்படி ஒன்று இருப்பது எனக்குத் தெரியாது. செல்வராசு ஏன் போனார் என்று ஒரு நாள் ஒருவரிடம் கேட்டிருந்தால் தெரிந்திருக்கும்.

"இதை எங்கண்ணன்கிட்ட வந்து சொல்லுவீங்களா?" என்றார் அண்ணி.

"சொல்றேன் அண்ணி."

"எப்ப?"

"அடுத்த வாரம் லீவு சொல்லிட்டு..."

டம்ளர்களைத் தரையில் வைத்துவிட்டு அண்ணி உள்ளே போனார். மணிபர்ஸை எடுத்துக்கொண்டு வந்து செருப்பை மாட்டினார். "சத்திரத்துல துறையூர் பஸ் எப்பவும் நிக்கும். வாங்க" என்றார். பிறகு புருஷனைப் பார்த்து, "நீங்களும்தான்" என்றார்.

அண்ணன் எழுந்து கொக்கியிலிருந்து சட்டையை எடுத்து மாட்டினார். தினமும் அண்ணிதான் பொத்தான் போட்டுவிடுவார் என்பது எனக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அன்று அண்ணி வாசலில் இறங்கித் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டார். நானும் இறங்கி நின்றேன். ஐந்து பொத்தானையும் அண்ணன் தானே போட்டு முடிக்கும்வரை இருவரும் காத்திருந்தோம்.